அந்த 'லைட்டு வைத்தியம்' அம்மாவுக்குக் கிடைக்குமா?

கேள்வி: மேடம், என் அம்மாவுக்கு 54 வயது. இடது மார்பில் கட்டி, புற்றுநோய் என்று உறுதியாகிவிட்டது. கீமோ கொடுத்துக் கட்டியைச் சுருக்கிவிட்டு அப்புறம் ஆபரேஷன் என்று டாக்டர் சொன்னார். மொத்தம் 8 கீமோ, 3 முடிந்திருக்கிறது. அக்குளில் நெறி கட்டவில்லை என்று ஸ்கேனில் வந்திருக்கிறது. ஒவ்வொரு கீமோவுக்குப் பிறகும் நாலைந்து நாள் வாந்தி, சாப்பாடு இறங்குவதில்லை, 'எனக்கு இது போதும்ப்பா' என்கிறார். இந்த நேரத்தில் சொந்தக்காரர் ஒருவர் ஒரு வீடியோ அனுப்பினார். சாயம் நிரப்பிய நானோ துகளை ஊசியில் போட்டால் அது கேன்சர் கட்டிக்கு மட்டும் போய் ஒளிருமாம், மேலே லேசர் காட்டினால் சூடாகிக் கட்டியைக் கொன்றுவிடுமாம், பிறகு தானாகவே கரைந்துவிடுமாம், பக்கவிளைவே கிடையாதாம். ஒரு எலியின் தொடையில் கட்டி சிவப்பாக ஒளிர்வதைக் காட்டுகிறார்கள். அம்மாவும் பார்த்துவிட்டார், 'அந்த லைட்டு வைத்தியம் எப்பப்பா?' என்று தினமும் கேட்கிறார். வீடியோவில் இருந்த நம்பரில் பேசினேன். ஆறு லட்சம் ஆகும், கீமோவை உடனே நிறுத்த வேண்டும் என்றார்கள். இது உண்மையா? அம்மாவிடம் நான் என்ன சொல்லட்டும்? (பெயர் வேண்டாம், கரூர்)

அன்புள்ள தம்பி,

அடுத்த கீமோ தேதி நெருங்கியிருக்கும், அதனால் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். கீமோவை நிறுத்தாதீர்கள். அந்த நம்பருக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள், அம்மாவின் ரிப்போர்ட்டுகளையும் அனுப்பாதீர்கள். நீங்கள் பார்த்த அந்தத் துகள் இன்னும் ஆய்வுக்கூடத்தில்தான் இருக்கிறது, மார்பகப் புற்றுநோய்க்கு அது அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை இல்லை. காசு வாங்கிக்கொண்டு அதைத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் அவர் கையில் இருப்பது வேறு ஏதோ ஒன்று.

இதைச் சொல்கிற நான் சிகிச்சை கொடுக்கும் டாக்டர் இல்லை. மருந்தாக்கவியல் படித்தவள், இந்த மாதிரித் துகள்களைச் செய்வதும் சோதிப்பதும்தான் பல வருடங்களாக என் வேலை. அந்த வீடியோவில் இருக்கும் விஞ்ஞானம் பொய் இல்லை, நான் உயிராக நினைக்கும் வேலை அது. அதையே காட்டி ஒருவர் உங்கள் அம்மாவின் கீமோவை நிறுத்தப் பார்க்கிறார் என்று படித்தபோது வந்த கோபம் இதை எழுதும்போதும் அடங்கவில்லை. அதனால் எதுவரை உண்மை, எந்த இடத்தில் பொய் ஆரம்பிக்கிறது என்று பிரித்துச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சாயத்திலிருந்து வருவோம். இந்த வேலைக்கு அதிகமாக எடுத்துக்கொள்ளப்படுவது இண்டோசயனின் கிரீன் என்ற பச்சைச் சாயம், நாங்கள் ஐ.சி.ஜி. என்போம். போட்டோ பிலிம் செய்த கோடாக் கம்பெனியின் ஆய்வகத்தில் 1950களில் பிறந்தது. மனிதர்களுக்கு ஊசியில் போடலாம் என்று 1959லேயே அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்துவிட்டது. கல்லீரல் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கவும், கண்ணுக்குள் விழித்திரைக்குப் பின்னால் ஓடும் ரத்தக் குழாய்களைப் படம் பிடிக்கவும் இத்தனை காலமாக இதைப் பயன்படுத்துகிறார்கள். நம் மதுரையில், அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்த ஆரோலேப் இதை 'ஆரோகிரீன்' என்ற பெயரில் தயாரிக்கிறது. சின்னக் குப்பி, அடியில் 25 மில்லிகிராம் கரும்பச்சைப் பொடி. இந்தச் சாயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடிதத்தின் கடைசியில் உங்கள் அம்மாவுக்கு இதோடு வேலை இருக்கிறது.

சின்ன வயதில் கரண்ட் போன இரவில் டார்ச்சை உள்ளங்கையில் அழுத்தி வைத்துப் பார்த்திருப்பீர்கள். கை முழுக்கச் சிவப்பாகத் தெரியும். டார்ச் வெளிச்சத்தில் எல்லா நிறமும் இருக்கிறது, நீலத்தையும் பச்சையையும் ரத்தம் விழுங்கிவிடுகிறது, சிவப்பு மட்டும் தப்பித்து வெளியே வருகிறது. சிவப்பையும் தாண்டி, நம் கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சம் இருக்கிறது, அகச்சிவப்புக்குப் பக்கத்தில். அதை ரத்தமும் அவ்வளவாக விழுங்காது, தண்ணீரும் விழுங்காது, சதைக்குள் இன்னும் கொஞ்சம் ஆழமாகப் போகும். ஐ.சி.ஜி. விழுங்குவது சரியாக அந்த வெளிச்சத்தை, அலைநீளத்தில் சொன்னால் சுமார் 800 நானோமீட்டர் பக்கத்தில் (ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர்). விழுங்கியதில் ஒரு சிறு பங்கைத்தான் திரும்ப ஒளியாக விடுகிறது. அதைச் சிறப்புக் கேமராவில் பிடித்தால் அதுதான் படம். மீதியெல்லாம் சூடாக மாறுகிறது, அதுதான் சிகிச்சை. ஒரே சாயம் இரண்டையும் செய்கிறது, இதில் எந்த மாயமும் இல்லை.

சூட்டுக்கும் கணக்கு உண்டு. புற்றுநோய்ச் செல்களை 43 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் வைத்தால் நல்ல சேதாரம் ஆகும். அதற்கு மேலே ஒவ்வொரு டிகிரிக்கும் தேவைப்படும் நேரம் ஏறக்குறையப் பாதியாகும், அதாவது 44ல் அரை மணி, 45ல் கால் மணி. 50ஐத் தாண்டினால் செல் வெந்தே போகும், ஆனால் பக்கத்தில் இருக்கும் நல்ல செல்லும் அதோடு வேகும். ஆகவே கட்டிக்குள் மட்டும் 43, 44, சுற்றிலும் உடம்புச் சூடு, இதுதான் எங்கள் ஆசை. அந்த மிதமான சூட்டில் செல்கள் கீமோ மருந்துக்கும் கதிர்வீச்சுக்கும் இன்னும் எளிதாக மடங்கும். நன்றாகக் கவனியுங்கள் தம்பி, இந்தத் துறையில் பலர், மயாமியில் இருக்கும் புளோரிடா சர்வதேசப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் உட்பட, சாயத்தோடு டாக்சோரூபிசின் என்ற கீமோ மருந்தையும் சேர்த்தே துகளுக்குள் வைத்துப் பார்த்தார்கள். மார்பகப் புற்றுநோய்க்குச் சிவப்பு நிறத்தில் ஏற்றுவார்களே, அந்த மருந்துதான். அம்மாவுக்கு ஏறுவதும் அதுவாகவே இருக்கலாம். சூட்டைக் கீமோவுக்குத் துணையாகச் சேர்ப்பதுதான் அங்கே நோக்கம். கீமோவை நிறுத்திவிட்டு வா என்று கூப்பிடுகிறவருக்கு அவர் விற்கும் பொருளே என்னவென்று தெரியவில்லை.

சரி, சாயத்தையே நேரடியாக ஊசியில் போட்டுவிட்டு லேசர் காட்டினால் என்ன? அங்கேதான் சிக்கல். ரத்தத்தில் போன ஐ.சி.ஜி. புரதங்களோடு ஒட்டிக்கொள்ளும், கல்லீரல் அதைப் பிடித்துப் பித்தத்தில் தள்ளிவிடும், மூன்று நான்கு நிமிடத்துக்குள் ரத்தத்தில் இருப்பதில் பாதி காலி. தண்ணீரில் கரைத்து வைத்தாலும் நிலைக்காது, கரைத்த சில மணி நேரத்துக்குள் பயன்படுத்தியே ஆக வேண்டும். வெளிச்சம் பட்டால் இன்னும் சீக்கிரம் கெடும். அதனால்தான் அதை ஒரு கூட்டுக்குள் வைத்து அனுப்பலாம் என்ற யோசனை வந்தது. நியூயார்க்கின் செயின்ட் ஜான்ஸ் பல்கலைக்கழகத்தில் 2004ல் பி.எல்.ஜி.ஏ. என்ற பாலிமரில் ஐ.சி.ஜி.யை அடைத்துக் காட்டினார்கள். அப்புறம் எத்தனையோ ஆய்வுக்கூடங்கள் அதே வழியில் போயின.

பி.எல்.ஜி.ஏ. என்றால் பயப்பட வேண்டாம், உங்கள் வீட்டிலேயே யாராவது அதன் நெருங்கிய உறவை உடம்பில் சுமந்திருப்பார்கள். சிசேரியன் ஆனவர்களிடம் 'தையல் பிரிக்க வேண்டாம், தானாகக் கரைஞ்சிடும்' என்பார்களே, அந்த நூலில் ஒரு வகை இதே குடும்பம்தான். லாக்டிக் அமிலமும் கிளைகாலிக் அமிலமும் கோத்த சங்கிலி அது. உடம்பின் ஈரத்திலேயே வாரக்கணக்கில் மெதுவாக அறுபடும், உதிரும் அமிலங்களை உடம்பு சாதாரணச் சர்க்கரையைப் போலக் கரியமில வாயுவும் தண்ணீருமாக எரித்துவிடும். புராஸ்டேட் புற்றுநோய்க்கு மாதம் ஒரு தடவை போடும் லூப்ரோலைடு ஊசியில் மருந்தை மெதுவாக விட்டுக்கொண்டிருப்பதும் இந்தக் குடும்பத்துப் பாலிமர்தான், 1989லிருந்து இருக்கிறது. ஆகவே 'தானாகக் கரையும்' என்று வீடியோவில் சொன்னது உண்மை.

அதைச் செய்வது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன், அப்போதுதான் ஆறு லட்சத்துக்கு விற்க ஒருவரிடம் அது ஏன் இருக்க முடியாது என்று உங்களுக்குப் புரியும். பி.எல்.ஜி.ஏ. பாட்டிலை உறைநிலைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் திறக்கக் கூடாது. அறைச் சூட்டுக்கு வரும்வரை மேசையிலேயே இருக்க வேண்டும், அவசரப்பட்டுத் திறந்தால் காற்றின் ஈரம் உள்ளே படிந்து, துகள் ஆவதற்கு முன்னாலேயே பாலிமர் அறுபட ஆரம்பித்துவிடும். எடை போட்டு ஒரு கரைப்பானில் கரைக்கிறோம், சாயத்தை மெத்தனாலில் கரைத்து அதோடு சேர்க்கிறோம். காந்தக் கலக்கியின் மேல் சுழன்றுகொண்டிருக்கும் நீரில், துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க வேறொரு பாலிமரைக் கரைத்து வைத்திருப்போம். அதில் இந்தக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுகிறோம். கண்ணாடி போல இருந்த தண்ணீர் நொடியில் பாலாகும், இளம்பச்சைப் பால். குடுவையைச் சுற்றி அலுமினியத் தாள், சாயத்தில் வெளிச்சம் படக் கூடாது என்பதற்காக. ராத்திரி முழுக்கச் சுழன்று கரைப்பான் ஆவியாக வேண்டும். காலையில் சென்ட்ரிபியூஜில் போட்டுச் சுற்றினால் துகள் எல்லாம் குழாயின் அடியில் பச்சை வில்லையாகப் படியும். அப்போது நான் முதலில் பார்ப்பது வில்லையை இல்லை, மேலே நிற்கும் தண்ணீரை. அது தெளிவாக இருந்தால் சாயம் உள்ளே போய் உட்கார்ந்திருக்கிறது. அதுவும் பச்சையாக இருந்தால் சாயம் கூட்டுக்குள் தங்கவில்லை, தண்ணீரில் கரையும் சாயமாயிற்றே, வெளியே ஓடிவிட்டது. எத்தனை காலைகளில் அந்தப் பச்சைத் தண்ணீரைப் பார்த்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறேன் என்று எண்ணிச் சொல்ல முடியாது.

நன்றாக வந்தால் ஒரு துகள் நூறு, இருநூறு நானோமீட்டர் இருக்கும், தலைமுடியின் குறுக்கே வரிசையாக ஐந்நூறு அடுக்கலாம். அதிலும் ஒரு இழுபறி உண்டு. சாயத்தை நெருக்கி அடைத்தால் ஒன்றின் ஒளியை இன்னொன்று அணைத்துவிடும், படம் மங்கும், சூடு கூடும். தளர்வாக வைத்தால் படம் பளிச்சென்று வரும், சூடு போதாது. இரண்டும் ஒரே துகளில் வேண்டும் என்கிற ஆசைக்கு ஒவ்வொரு தடவையும் எதையாவது விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும்.

இனி அந்த எலிக்கு வருகிறேன். என் துகளை முதன்முதலில் எலிக்கு ஊசி போட்டு, மறுநாள் கேமராவின் இருட்டுப் பெட்டிக்குள் படுக்க வைத்துத் திரையைப் பார்த்தபோது, அதன் தொடையில் கட்டி இருந்த இடம் ஒளிர்ந்தது. அந்த நாள் எனக்கு மறக்காது, அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. ஆனால் அதே திரையில் தொடையை விடப் பெரிதாக, பல மடங்கு பளிச்சென்று இன்னொரு இடமும் ஒளிர்ந்துகொண்டிருந்தது. எலியின் வயிறு. கல்லீரலும் மண்ணீரலும். உங்களுக்கு வந்த வீடியோவை மறுபடி போட்டுப் பாருங்கள், எலியின் வயிறு படத்தில் இருக்கிறதா, இல்லை தொடையோடு வெட்டி நிறுத்தியிருக்கிறார்களா?

'கட்டிக்கு மட்டும் போகும்' என்று சொன்ன இடத்தில்தான் பொய் நுழைகிறது. அவசரமாக வளரும் கட்டியின் ரத்தக் குழாய்கள் ஒழுங்காக இருக்காது, சுவரில் இடைவெளி இருக்கும், அந்த வழியே துகள் கசிந்து உள்ளே தங்கும் என்று ஜப்பானில் மட்சுமுராவும் மயேதாவும் 1986ல் எழுதினார்கள், துறையே அந்த நம்பிக்கையில் வளர்ந்தது. அந்தக் கசிவு உண்மைதான். எவ்வளவு கசிகிறது என்பதுதான் கேள்வி. கனடாவின் டொரன்டோ பல்கலைக்கழகத்தில் பத்து வருட ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டிக் கணக்குப் பார்த்து 2016ல் வெளியிட்டார்கள், ஊசியில் போட்டதில் கட்டிக்குப் போய்ச் சேர்ந்தது நடுத்தரமாக 0.7 சதவீதம். நூறு துகளில் ஒன்றுகூட இல்லை. மீதி பெரும்பாலும் கல்லீரலிலும் மண்ணீரலிலும். இதைப் படித்துவிட்டு எங்கள் குழுவில் ஒரு வாரம் யாரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை.

அதுவும் எலியில். 20 கிராம் எலியின் தொடையில் ஒரு கிராம் கட்டி, இரண்டு மூன்று வாரத்தில் வளர்ந்தது, தோலுக்கு நேர் கீழே. உங்கள் அம்மா 60 கிலோ என்று வைத்தால், அந்தக் கணக்கில் 3 கிலோ கட்டிக்குச் சமம். மனிதருக்கு வரும் கட்டி அப்படி இல்லை, வருடக்கணக்கில் வளர்ந்தது, குழாய்கள் வேறு மாதிரி, கசிவு ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு அளவு.

அடுத்தது வெளிச்சம். அகச்சிவப்புப் பக்கத்து ஒளி ஆழமாகப் போகும் என்றேன், அது மற்ற நிறங்களோடு ஒப்பிட்டுச் சொன்னது. சூடாக்கும் அளவுக்குப் போய்ச் சேர்வது மில்லிமீட்டர் கணக்கில்தான், மிஞ்சினால் ஓரிரு சென்டிமீட்டர். பலத்தைக் கூட்டலாமே என்று கேட்பீர்கள். 808 நானோமீட்டர் லேசர் மனிதத் தோலில் படுவதற்குப் பாதுகாப்பு எல்லை ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 0.33 வாட், எலி ஆய்வுகளில் பெரும்பாலும் 1, 2 வாட் என்று வைத்திருப்போம். மனிதருக்கு அந்த எல்லையைத் தாண்டிக் கூட்டினால் கட்டிக்கு முன்னால் தோல் வேகும் ஆபத்து இருக்கிறது. பார்க்கும் கட்டிக்கே இந்தப் பாடு. புற்றுநோயில் நாம் உண்மையில் பயப்படுவது ரத்தத்தில் கிளம்பி எலும்பிலோ நுரையீரலிலோ போய் ஒளிந்திருக்கும் செல்லுக்கு, அது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் எங்கே டார்ச் அடிப்பது? கீமோ ரத்தத்தோடு எல்லா இடத்துக்கும் போகிறது. அம்மாவை அவ்வளவு படுத்துவதும் அதனால்தான், அவரைக் காப்பாற்றுவதும் அதனால்தான்.

மனிதர்களுக்கு இதுவரை ஒன்றுமே நடக்கவில்லை என்றும் நினைக்காதீர்கள். அமெரிக்காவில் தங்க ஓடு போட்ட நானோ துகள்களைப் புராஸ்டேட் புற்றுநோய் வந்த 16 பேரிடம் சோதித்து 2019ல் எழுதினார்கள். மேலிருந்து லேசர் காட்டவில்லை, ஒளி இழைகளை ஊசி போல நேராகப் புராஸ்டேட்டுக்குள்ளேயே செருகினார்கள். அடங்கிய, சின்னக் கட்டிகள், நல்ல முடிவுதான். ஆனால் தங்கம் உடம்பில் கரையாது, அதனால்தான் எங்களைப் போன்றவர்கள் கரையும் துகளைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம். ஜப்பானில் 2020 செப்டம்பரில் ஒரு ஒளி மருந்துக்கு அனுமதி கிடைத்தது, ஆபரேஷன் செய்ய முடியாத தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு. அதிலும் சாயம் உண்டு, ஆனால் அது துகளில் இல்லை, கட்டியைத் தேடிப் போகும் ஆன்டிபாடி என்ற புரதத்தில் ஒட்டியிருக்கிறது. கொல்வதும் சூட்டால் இல்லை, ஒளி பட்டதும் செல்லின் சவ்வைக் கிழித்து. இரண்டுமே ஆஸ்பத்திரிக்குள், முறையான சோதனையில், கணக்கு வைத்து நடந்தவை.

பக்கவிளைவே இல்லை என்பதையும் விட மாட்டேன். ஐ.சி.ஜி.யில் கொஞ்சம் அயோடின் இருக்கிறது, அயோடின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அதைப் போடும்போது டாக்டர்கள் ஜாக்கிரதையாக இருப்பார்கள். துகளில் கரைப்பான் மிச்சம் நின்றால் அது விஷம். நாள்கணக்கில் கல்லீரலில் படியும் துகள் அங்கே என்ன செய்யும் என்று பார்க்காமல் எந்த நாடும் அனுமதி தராது. லேசரில் தோல் வேகும். 'பக்கவிளைவே இல்லை' என்ற பேச்சு ஒரு மருந்தைப் பற்றி வந்தாலே எழுந்து வந்துவிடுங்கள்.

நாளைக்கு வேறொருவர் இதே மாதிரி வருவார், அதனால் ஒரு விஷயத்தைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். புது மருந்தை மனிதரிடம் சோதிப்பதற்கு இந்தியாவில் சட்டம் இருக்கிறது, 2019ல் புது விதிகளும் வந்தன. அந்தச் சோதனை சி.டி.ஆர்.ஐ. என்ற மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் இருந்தாக வேண்டும், 2009 ஜூனிலிருந்து கட்டாயம், யார் வேண்டுமானாலும் இணையத்தில் போய்ப் பார்க்கலாம். ஆஸ்பத்திரியின் நெறிமுறைக் குழு அனுமதித்திருக்க வேண்டும். அம்மாவுக்குப் புரிகிற தமிழில் ஒப்புதல் படிவம் கொடுத்து, படித்துக் காட்டி, கேள்வி கேட்க விட்டு, அப்புறம்தான் கையெழுத்து. சோதனை மருந்துக்கு நோயாளியிடம் லட்சக்கணக்கில் கேட்கிற வழக்கம் கிடையாது. அந்த நம்பரில் இனிமேல் கூப்பிட்டால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள், 'உங்கள் சி.டி.ஆர்.ஐ. பதிவு எண் என்ன?'

இப்போது அம்மாவுக்கு. நீங்கள் கேட்டது துகளைப் பற்றி, ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகமாகக் கண்ணில் பட்டது அந்த நாலைந்து நாள் வாந்தி. கீமோ என்றால் அப்படித்தான் என்று நீங்களும் அம்மாவும் பொறுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன், டாக்டரிடம் முழுதாகச் சொல்லியிருக்க மாட்டீர்கள். சொல்லுங்கள். எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, ஒரு நாளில் எத்தனை தடவை, எந்த மாத்திரை நின்றது, எது வெளியே வந்துவிட்டது, ஒரு நோட்டில் எழுதிக் கொண்டுபோங்கள். வாந்தியை அடக்க இன்று ஒன்றல்ல, நாலு வகை மருந்து இருக்கிறது, ஒன்று கேட்கவில்லை என்றால் இன்னொன்றைச் சேர்ப்பார்கள். ஓலான்சபின் என்று ராத்திரியில் போடும் ஒரு மாத்திரை எழுதினால், மருந்துக் கடைக்காரர் 'இது மனநோய்க்குக் கொடுக்கிறதாச்சே' என்பார், பயப்பட வேண்டாம், சின்ன அளவில் கீமோ வாந்திக்கும் அதைக் கொடுக்கிறார்கள். ஆனால் காய்ச்சல் மட்டும் பொறுக்கக் கூடாது. கீமோ நடக்கும் காலத்தில் 100.4 டிகிரியைத் தொட்டால் நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரி, வீட்டிலேயே பாராசிட்டமால் போட்டுக்கொண்டு விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

மூன்று கீமோவுக்குப் பிறகு கட்டி சுருங்கியிருக்கிறதா என்றும் கேளுங்கள். கையால் தொட்டே டாக்டர் ஓரளவு சொல்வார். சுருங்கியிருந்தால் அதை அம்மாவிடம் அவரே சொல்லட்டும், மகன் சொல்வதற்கும் டாக்டர் சொல்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது. மனசு கேட்கவில்லை என்றால் இன்னொரு டாக்டரின் கருத்தையும் வாங்கலாம், அடையாறு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது, அரசு மருத்துவக் கல்லூரிகளில் புற்றுநோய்ப் பிரிவுகள் இருக்கின்றன. ஆனால் அதற்காக அடுத்த கீமோ தேதி தள்ளிப்போகக் கூடாது.

கடைசியாக அந்தப் பச்சைச் சாயம். ஸ்கேனில் அக்குளில் நெறி கட்டவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அப்படி இருப்பவர்களுக்கு ஆபரேஷனில் அக்குளில் இருக்கும் நிணநீர்க் கணுக்கள் எல்லாவற்றையும் வழித்து எடுக்க வேண்டிய அவசியம் பல சமயம் வராது. மார்பிலிருந்து வரும் நிணநீர் முதலில் போய்ச் சேரும் ஒன்றிரண்டு கணுக்களை மட்டும் எடுத்து, அங்கே புற்றுநோய் இருக்கிறதா என்று பரிசோதிப்பார்கள். இல்லை என்றால் மீதியைத் தொட மாட்டார்கள். எல்லாவற்றையும் எடுத்தவர்களில் பலருக்குப் பின்னால் அந்தக் கை வீங்கிப் போகும், வளையல் ஏறாது, வாளி தூக்க முடியாது. அந்த முதல் கணு எது என்று கண்டுபிடிக்கத்தான் சாயம். நீலச் சாயம் போடுவார்கள், கதிரியக்கப் பொருள் போடுவார்கள், இப்போது பல இடங்களில் ஐ.சி.ஜி.யும் போடுகிறார்கள். மார்புக் காம்பைச் சுற்றி ஊசியில் கொஞ்சம், மேலே அகச்சிவப்புக் கேமரா. தோலுக்கு அடியில் ஒரு கோடு ஒளிர்ந்து அக்குளை நோக்கி மெல்ல ஓடுவது திரையில் தெரியும். அது போய் நிற்கும் இடத்தில் சர்ஜன் கத்தி வைப்பார்.

ஆபரேஷன் பேச்சு வரும்போது சர்ஜனிடம் இதைக் கேளுங்கள்: 'அம்மாவுக்கு முதல் கணுவை மட்டும் எடுத்துப் பார்க்க முடியுமா, இங்கே அதற்கு எந்தச் சாயம் பயன்படுத்துகிறீர்கள்?' கீமோ முடிந்து மறுபடி ஸ்கேன் பார்த்துவிட்டுத்தான் அவர் முடிவு சொல்வார். அந்த ஆஸ்பத்திரியில் அந்தக் கேமரா இல்லாமலும் இருக்கலாம், நீலச் சாயத்தில் செய்தாலும் நல்லதுதான், குறை என்று நினைக்க வேண்டாம்.

அம்மா இன்றைக்கும் கேட்டால், இல்லை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடாதீர்கள். எலிக்குச் செய்தது இன்னும் மனிதருக்கு வரவில்லை, அதற்கு இன்னும் வேலை இருக்கிறது, அதைச் செய்துகொண்டிருக்கிற ஒருத்தியே எழுதியிருக்கிறாள் என்று சொல்லுங்கள். அந்த மாதிரி ஒளிரும் சாயம் ஒன்று நிஜமாகவே ஆபரேஷன் தியேட்டரில் இருக்கிறது, உன் கை வீங்காமல் பார்த்துக்கொள்ள அது உதவுமா என்று சர்ஜனைக் கேட்கப் போகிறேன் என்றும் சொல்லுங்கள். அந்தத் தியேட்டருக்குப் போவதற்கு முன்னால் இன்னும் ஐந்து கீமோ இருக்கிறது. அடுத்ததற்குப் போகும்போது வாந்தி நோட்டை மறக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள், டாக்டர் என்ன மாத்திரை மாற்றினார் என்று எனக்கும் எழுதுங்கள்.